கேப் போடாமல் விட்ட பல்

இன்று காலை பல் ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளியதுமே கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்தாய். நீ போய் ஒரு வருடம் ஆகிறது. முன்பு உனக்குத் துணையாக வந்த இடத்துக்கு இப்போது நோயாளியாக வந்திருக்கிறேன். எனக்கும் ரூட் கேனல்தான். மகளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவே அலுப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எதற்குமே அலுப்புத்தான்.

டாக்டரம்மா எனக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் போனார். அவருக்கு ரூட் கேனல் முடிந்திருந்தது. வலியே இல்லையே, பல்லுக்கு மேல் உறை மாதிரி மாட்டும் கேப்பைப் பிறகு போட்டுக்கொள்ளலாமே என்று இழுத்தார்.

"இப்படித்தான் ஷூ கம்பெனியில வேலை செஞ்ச ஒரு அம்மா, லீவு கிடைக்கலன்னு கேப் போடாம விட்டாங்க. பல்லு ரெண்டா பொளந்துச்சு. எடுக்க வேண்டியதாப் போச்சு," என்றார் டாக்டரம்மா.

அது நீதான். நீ கேப் போடாமல் விட்டது லீவு கிடைக்காததால் அல்ல என்பது தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

அன்று கன்னம் வீங்கி, பக்கத்து வீட்டிலிருந்து என் வாசலில் வந்து நின்றாய். வலது பக்கக் கடைவாய்ப் பற்களை முன்பே எடுத்தாகிவிட்டது. இடது பக்கம் மிஞ்சியிருந்த ஒன்றை வைத்துத்தான் மென்றுகொண்டிருந்தாய். "இதுவும் போச்சுன்னா நான் கஞ்சிக்குத்தான்க்கா லாயக்கு," என்றாய். எப்படியாவது இதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். வேர் நுனியில் பழைய சீழ். ஒரு வேர் வளைந்திருந்தது. போதாததற்கு உனக்குச் சர்க்கரை. இருந்தாலும் காப்பாற்றலாம் என்றார். வேருக்குள் ஒரு கிளையையும் விடாமல் சுத்தம் செய்து அடைப்பது தன் வேலை, சர்க்கரையை அடக்கி வைப்பதும் கேப் போட நாள் தவறாமல் வருவதும் உன் வேலை என்றார். நரம்பெடுத்த பல் காய்ந்த கட்டை மாதிரி, வலிக்காது, ஆனால் பிளந்துவிடும் என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பத்தாவதைத் தாண்டாதவள் நான். அவர்கள் கொடுத்த தாளைத் திரும்பத் திரும்பப் படித்துப் புரிந்துகொண்டு, வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மாத்திரை வேளை, சர்க்கரை அளவு, அடுத்த தேதி என்று கோடு போட்டு நிரப்பினேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னாக்கா, என் பல்லுக்கு ஜாதகம் எழுதறியா? எப்போ கல்யாணம்னு பாத்துச் சொல்லு."

சிரித்தாய். சிரித்ததும் வலித்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாய்.

உனக்காக மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபித்தேன். டாக்டரம்மாவிடம் மூன்றாவது முறை போய் வந்த பிறகு வலி அடியோடு நின்றது. கேப்புக்கு அளவெடுக்க ஒரு சனிக்கிழமை சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நீ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, தலை வாரி, கையில் பையோடு காலையிலேயே வந்துவிட்டாய். நாற்பது பேர் சமையலுக்கு நடுவே நின்றிருந்தேன்.

"வலியைத்தான் ஆண்டவர் எடுத்துட்டாரே, இன்னும் இன்னா அவசரம்? கூட்டம் முடியட்டும், அப்புறம் போலாம்," என்றேன்.

நீ பையை ஆணியில் மாட்டிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாய்.

அன்று மாலை எழுந்து நின்று சாட்சி சொன்னேன். உன் வலியைச் சொன்னேன், உபவாசத்தைச் சொன்னேன், ஆண்டவர் சுகம் தந்ததைச் சொன்னேன். டாக்டரம்மாவின் கை வேலையைச் சொல்ல மறந்துபோனேன். பின்வரிசையில் இருந்த உன்னைக் கைகாட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்து அல்லேலூயா என்றார்கள். நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தாய். சுகமாகிவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன பல்லை மறுபடி டாக்டரிடம் காட்டப் போக எனக்கே கூச்சமாகிவிட்டது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். பிறகு நோட்டில் இருந்த அந்தத் தேதியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. கத்தரி பக்கத்திலேயே இருந்தாலும் தைக்கிற நூலைக் கடைவாய்ப் பல்லில் வைத்து அறுப்பதுதான் உன் பழக்கம். அன்றும் அப்படித்தான் அறுத்தாய். பல் நடுவாகப் பிளந்து வேர்வரை போய்விட்டது. ஏன் சொன்ன நாளில் வரவில்லை என்று டாக்டரம்மா கோபமாகக் கேட்டார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பாமலே, கம்பெனியில் அர்ஜென்ட் ஆர்டர், லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பல்லை எடுத்த பிறகு, ஷேர் ஆட்டோவில் பஞ்சைக் கடித்தபடியே சொன்னாய்: "உன் சாட்சி கெட்டுப்போவக் கூடாதுக்கா. அந்தம்மா இன்னா, நாளைக்கே மறந்துரும்."

அவர் மறக்கவில்லை, பார்த்தாயா.

அதன் பிறகு நீ பன்னைத் தேநீரில் முக்கித்தான் தின்றாய். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கறித்துண்டுகளைப் பேசாமல் என் தட்டுக்குத் தள்ளுவாய். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாய். பல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். இல்லை என்றார்கள். அப்போதும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

இன்று டாக்டரம்மா திரும்பி வந்தபோது கையைத் தூக்கினேன். அவளுக்கு லீவு கிடைத்தது, நான்தான் போக வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். மரத்துப்போன வாயில் வார்த்தை குழறியது. அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "சீழ் பழசு, வேர் வளைவு, சர்க்கரை, நூல் கடிக்கிற பழக்கம் வேற. கேப் போட்டிருந்தாலும் நின்னிருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா போட்டிருந்தா வாய்ப்பு ஜாஸ்தி."

என்னைத் தேற்றுவதற்காக அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் விழுங்கவில்லை. அது நல்லதுதான். இத்தனை காரணங்களில் என் பங்கு எவ்வளவு என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. எந்தக் கணக்கும் இப்படித் தீராமல் என் கையில் நின்றதில்லை.

ஜெபத்தை விடவில்லை. வலி போனதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் உன் பல் போன பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் சாட்சி சொல்ல எழுந்ததில்லை. முட்டி வலி என்று சொல்லி உட்கார்ந்தே இருந்துவிடுகிறேன். அன்று அல்லேலூயா சொன்னவர்களில் பாதிப் பேராவது இன்னும் வருகிறார்கள். உன் வலி போனது வரைதான் அவர்களுக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று மீதியையும் சொல்லப் போகிறேன்.