ராஜாங்கத்துக்கு நான் கொடுத்த ஓய்வு

ஜனவரி 6, திங்கள்

இன்று நாலு பேரைப் பெரிய மனிதர்கள் ஆக்கினேன். ஒருவர் ‘நாளைய உலகின் சிற்பி’. இன்னொருவர் ‘மாற்றத்தின் முகவரி’. மூன்றாமவர் தன்னைப் பற்றி அனுப்பிய குறிப்பில் தானே வானத்தில் உட்கார்ந்திருந்தார்; கையைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டேன். நாலாமவர் என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. நூறு சொல் எழுதி அனுப்பிவிட்டேன்.

சென்னையில் பவித்ரா தொழில்நுட்ப மாநாடுகள் நடத்துகிறாள். அங்கே பேச வருகிறவர்கள் எங்கே படித்தார்கள், எங்கெங்கே வேலை பார்த்தார்கள், இப்போது எந்த நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதைச் சுருக்கி மினுக்கி எழுதித் தருவது நான். மூன்று வருடமாக, அத்தாவின் சுரங்க வேலைக்குக் கிடைத்த இந்த குவார்ட்டர்ஸின் சமையலறை மேசையில், ஒரு பக்கம் வெங்காயக் கூடையோடு.

அம்மா இப்போதுதான் வந்து, “சும்மாதானே உக்காந்துகினு இருக்க, இந்தப் பூண்ட உரி” என்று வைத்துவிட்டுப் போகிறது.

ஜனவரி 9

பூண்டு உரித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அத்தாவுக்குப் பிப்ரவரி கடைசியோடு சர்வீஸ் முடிகிறது. அதன்பின் கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதனால் அத்தா, அம்மா, நான் மூவரும் வடலூரில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போனோம். நல்ல வீடு. காற்று வருகிறது, பள்ளிவாசல் பக்கம், மாடியில் எனக்கென்று ஜன்னலோடு ஓர் அறை. பார்த்ததும் மனசுக்குள் மேசையைக்கூடப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் திலகவதி அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார். “சாருதான் ரிட்டையர்டு ஆவுறாரு. அப்புறம் வூட்ல யாரு வேலைல இருக்கறது?”

அம்மா பட்டென்று சொன்னது: “யாரும் இல்லீங்க. பொண்ணு வூட்லதாங்க இருக்கு.”

அக்கா முகம் சுருங்கியது. யாராவது ஒருத்தர் வேலையில் இருந்தால்தான் தனக்குத் தைரியம், பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், மந்தாரக்குப்பம் தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். நான் பாக்கறது வேலை இல்லாம வேற என்னம்மா?

“வேலைன்னா போவணும்டி. நீ எங்க போற?”

எங்கேயும் போகவில்லைதான். முன்பு சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது மூடிப் போனதும் ஊருக்கு வந்தேன். அப்போது அம்மாவுக்கு நான் வேலையில் இருந்தவள். இப்போது அதைவிட அதிகம் உழைக்கிறேன், ஆனால் செருப்பு தேயவில்லை. செருப்புத் தேய்ந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 20

பவித்ரா கூப்பிட்டாள். பிப்ரவரி மாநாட்டில் முதல்முறையாகத் தமிழ் அரங்கம் வைக்கிறாளாம். ஏழு பேச்சாளர்கள். நான் எழுதுவதைத் தொகுப்பாளர் மேடையில் அப்படியே படிப்பார்.

“இது நல்லா வந்தா மார்ச்சுலேர்ந்து உனக்கு மாசச் சம்பளம், ஆர்டர் எல்லாம் அடிச்சுக் குடுத்துடறேன் இர்ஃபானா. சரியா வரலன்னா சாஃப்ட்வேரை வச்சுத்தான் ஓட்டணும். அது நிமிஷத்துல நூறு எழுதுது, என்ன பண்றது சொல்லு?”

நேர்மையானவள், மிரட்டலைக்கூட வருத்தத்தோடு சொல்கிறாள்.

ஆர்டர் கிடைத்தால் அதைத் திலகவதி அக்கா கண்முன் நீட்டலாம். மாடி அறை. ஜன்னல். யா அல்லாஹ்.

ஜனவரி 22

பேச்சாளர்கள் அனுப்பிய குறிப்புகளை அத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அத்தா கமாலுதீன், சுரங்கத்தில் நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெல்ட் செக்‌ஷன். முதல் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் விசாரணை செய்தார்.

‘ஆறு நிறுவனங்களின் ஆலோசகர்’ என்றேன்.

“ஆறு எடத்துல கான்ட்ராக்ட். ஒரு எடத்துலயும் பெர்மனென்ட் பண்ணல. பாவம்.”

‘நிறுவனர், முன்னாள் தலைமை அதிகாரி.’

“அப்ப இப்போ வேலை இல்ல.”

‘இளம் தொழில்முனைவோரின் வழிகாட்டி.’

“நம்ம நல்லசாமி மாதிரின்னு சொல்லு. ரிட்டையர்டு ஆயிட்டும் தெனம் செக்‌ஷன் கேண்டீனுக்கு வந்து உக்காந்துகினு எல்லாருக்கும் புத்தி சொல்லுவாரே.”

கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, “இவ்ளோ பெரிய ஆளுங்க, ஒருத்தராவது மொதல்ல எந்த வேலைல சேந்தோம்னு போடலியே. எல்லாரும் பொறக்கும்போதே ஆபீசரா?” என்றார்.

சிரித்தேன். பிறகு எல்லாக் குறிப்பையும் திரும்பப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் உச்சியில்தான் தொடங்குகிறார்கள். படிக்கட்டையே காணோம்.

ஜனவரி 25

ஏழு பேரில் பெரிய மீன் ராஜாங்கம். முந்திரிப் பருப்பைக் கேமரா பார்த்துத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்கிறவர், பெங்களூரில் பெரிய கம்பெனி. அவர் அனுப்பிய பின்னணி ஒரே வரி. மேலும் கேட்டால், ‘நேரமில்லை, அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நம்பரை அனுப்பினார். கிண்டலாகத்தான் அனுப்பியிருப்பார். நான் கூப்பிட்டேன்.

பேச்சியம்மாள், காடாம்புலியூர். பெங்களூருக்கு வரமாட்டேன் என்று மகனிடம் சண்டை போட்டு ஊரிலேயே இருக்கிறவர்.

“அவனா? மொதமொத பண்ருட்டில சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுனான். அப்புறம் நான் பருப்பு ஒடைக்கற கம்பெனிலயே மூட்டை தைச்சான். அப்புறம் இன்னாமோ படிச்சான். இப்ப இன்னா பண்றான்னு எனக்குத் தெரியல கண்ணு, கேமராவ வச்சினு பருப்பப் பாத்துகினு இருக்கானாம். அதுக்கு எதுக்கு பெங்களூரு? இங்கயே ஒக்காந்து பாக்கக்கூடாதா?”

அரை மணி நேரம் பேசினார். மாநாட்டுத் தேதியும் இடமும் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஜனவரி 29

மூன்று நாளாகத் தமிழில் ஒரு வரி வரவில்லை. ‘மாற்றத்தின் முகவரி’ எல்லாம் தமிழில் படித்துப் பார்த்தால் கல்யாண மண்டபத்து பேனர் மாதிரி இருக்கிறது.

பிறகு தோன்றியது. ஒரு மனிதனின் வேலை வரலாற்றைத் தமிழில் மேடையில் படிப்பது எனக்குத் தெரியாததா? பிளஸ் டூ படிக்கும்போதிலிருந்து அத்தா செக்‌ஷனில் யார் ரிட்டையர்டு ஆனாலும் பணி நிறைவு விழாவில் படிக்க நான்தானே எழுதித் தருகிறேன். எந்த வருடம், என்ன வேலையில் சேர்ந்தார், எந்த ஷிஃப்டில் யாரோடு இருந்தார், எப்போது மேலே வந்தார் என்று கீழிருந்து ஏறிப் போகும். முடிவில் வீட்டம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மாலை, சால்வை, வேனில் ஏற்றி வீடுவரை கொண்டு விடுவார்கள்.

அந்த அச்சில் எழுதினேன். ராஜாங்கத்துக்குப் பஞ்சர் கடையிலிருந்து தொடங்கினேன். கை தானாக ஓடியது. இவ்வளவு சந்தோஷமாக எழுதி எத்தனை நாளாயிற்று!

பவித்ராவுக்கு அனுப்பினேன். படிக்க நேரமில்லை, நேராகத் தொகுப்பாளர் கைக்குப் போகிறது என்றாள்.

பிப்ரவரி 8, சனி

இன்று நடந்ததற்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மாநாட்டை ஃபோனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆறு பேருக்கும் நல்ல கைதட்டல். ராஜாங்கத்தின் முறை வந்தது. தொகுப்பாளர் கணீரென்று படித்தார். பஞ்சர் கடைக்குச் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மூட்டை தைத்ததற்குக் கைதட்டியது. நான் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது அவர் அடுத்த வரியைப் படித்தார்.

“இத்தனை ஆண்டுகள் இடையறாது உழைத்த இவர், இனி தம் குடும்பத்தாருடன் ஓய்வாக மகிழ்ந்திருக்க வாழ்த்துகிறோம். இவருடைய தாயாரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்.”

நானா எழுதினேன்? நான்தான். பத்துப் பதினைந்து வருடமாக எழுதி எழுதிக் கைக்குப் பழகிய முடிவு. வீட்டம்மா இருக்கும் இடத்தில் தாயார் என்று ஒழுங்காக மாற்றியிருக்கிறேன், ஓய்வை மட்டும் கவனிக்கவில்லை.

சபை முழுவதும் எழுந்து நின்றது. ஒருவர் எங்கிருந்தோ சால்வையோடு ஓடி வந்தார். ராஜாங்கத்துக்கு வயது நாற்பத்தாறு. மனிதர் திருதிருவென்று விழிக்கிறார்.

அதைவிட, கடைசி வரிசையிலிருந்து மஞ்சள் பையோடு ஓர் அம்மா எழுந்து மேடைக்கு நடந்து வருகிறார்! பேச்சியம்மாள்! தேதி கேட்டாரே, பஸ் ஏறி வந்துவிட்டார். கூப்பிட்டார்கள், வந்தார். மகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ராஜாங்கம் பேசி முடிக்கும்வரை இறங்கவேயில்லை.

பிப்ரவரி 9

ராஜாங்கம் கம்பெனியை விட்டு விலகுகிறார் என்று ஃபோன் ஃபோனாகச் செய்தி சுற்றுகிறது. அவருடைய ஊழியர்கள் அழுதார்களாம். ஒரு வங்கிக்காரர் ஓய்வூதியத் திட்டத்தோடு கூப்பிட்டாராம்.

பிப்ரவரி 10

பவித்ரா கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகப் பேசினாள். “விடு இர்ஃபானா. இனிமே சாஃப்ட்வேர்லயே பாத்துக்கறேன். அது யாரையும் ரிட்டையர்டு ஆக்காது.”

மன்னிப்புக் கேட்டேன். ராஜாங்கத்துக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

அவ்வளவுதான். ஆர்டரும் போச்சு, கான்ட்ராக்டும் போச்சு. அம்மா சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது: பொண்ணு வூட்லதாங்க இருக்கு.

பிப்ரவரி 11

தைப்பூசம். வடலூரில் கூட்டம், பஸ் எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறதாம். நான் எங்கும் போகவில்லை. அத்தா மட்டும் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் குரல்கூட வருகிறது அவருக்கு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான் கோபமாக இருக்க முயன்றேன், முடியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

அத்தாவின் பணி நிறைவு விழா. எல்லோருக்கும் எழுதிய எனக்கு என் அத்தாவுக்கு எழுத வரவில்லை. காலை வரை வெள்ளைத் தாள். பழைய அச்சில் எழுதினால் அழுதுவிடுவேன் என்று பயம். கடைசியில் ஒரு குறும்பு தோன்றியது: மாநாட்டு அச்சில் எழுதினேன், நானே மைக்கைப் பிடித்துப் படித்தேன்.

“திரு. கமாலுதீன், இடைவிடாத ஓட்டத்தின் தலைவர். ஆழத்தில் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் தொலைநோக்காளர். மூன்று ஷிஃப்டிலும் இயங்கிய இரவுநேரச் சிந்தனையாளர்.”

இரவுநேரச் சிந்தனைக்கு செக்‌ஷனே விழுந்து விழுந்து சிரித்தது. நைட் ஷிஃப்டில் அத்தா கண்ணை மூடிச் சிந்திப்பது ஊரறிந்த விஷயம். நல்லசாமி மாமாவுக்குப் புரை ஏறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

முடிவை மட்டும் பழைய முறையில் வைத்தேன். சேர்ந்த முதல் நாள், அளவு பெரிதாக இருந்த பூட்ஸுக்குள் துணி அடைத்துக்கொண்டு நடந்தாரே, அதைப் படித்தேன். சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவை மேடைக்குக் கூப்பிட வேண்டிய வரியில் தாளை மடித்துவிட்டேன். ‘ஜான் பீவி’ என்று பெயரை மட்டும் சொன்னேன், அம்மா வந்து உட்கார்ந்தது.

இறங்கி வரும்போது நல்லசாமி மாமா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “பாப்பா இதத்தான் வேலையா பண்ணுதா?”

வேனில் வரும்போது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது.

மார்ச் 2

முதல் நோன்பு. கஞ்சி நன்றாக வந்தது. வீடு இன்னும் அமையவில்லை.

மார்ச் 6

பவித்ரா! முதலில் இரண்டு முறை எடுக்கவில்லை, பயம்.

அடுத்த மாநாடு கோயம்புத்தூரில். பேச வருகிற ஐந்து பேர் ஒரே நிபந்தனை போடுகிறார்களாம்: அந்த ரிட்டையர்மென்ட் பொண்ணு எழுதினால்தான் வருவோம், எங்கள் அம்மாவையும் மேடையில் உட்கார வைக்க வேண்டும். முதல் வரிசையில் அம்மாக்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாள். சாஃப்ட்வேர் எழுதியதை அவர்களுக்கு அனுப்பிப் பார்த்தாளாம். எல்லோரும் மறுபடி உச்சியிலேயே தொடங்கினார்களாம்.

ராஜாங்கமும் அவளிடம் பேசியிருக்கிறார். இனி தான் எங்கே பேசினாலும் நான் எழுதியதையே படிக்கச் சொல்கிறார். “கடைசி வரிய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. எங்கம்மா ஊருக்கு வந்துடுன்னு தெனம் ஃபோன் பண்றாங்க.”

மாசச் சம்பளம். ஆர்டர் அடுத்த வாரம் வருகிறது.

அத்தாவிடம் சொன்னேன். முதல் கேள்வி: “பெர்மனென்ட்டா?”

பெர்மனென்ட், அத்தா.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி எடுத்துக்கொண்டு, வடலூருக்குத் திலகவதி அக்காவைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனது. வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கஞ்சியைக் கொடுத்தது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டது. அக்காதான் ஆரம்பித்தார்.

“பொண்ணு ஏதாவது வேலைக்குப் போவுதா இப்ப?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டது.

“போவாதுங்க. அது எதுக்குப் போவணும்? வூட்லயே ஒக்காந்துகினு, பெங்களூரு கம்பெனி மொதலாளிங்களுக்கே ரிட்டையர்மென்ட் குடுக்குது.”

திலகவதி அக்கா என்னைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு, எந்தத் தேதியில் பால் காய்ச்சப் போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.