ஆறாவது எபிசோடில் ஒரு 'நாங்க'

மார்ச் 7, வெள்ளி

இரட்டைப் பிறவியாம். பியானோ டீச்சரைக் கொன்றது அவளுடைய அண்ணன் இல்லையாம், அண்ணனோடு இரட்டையாகப் பிறந்த இன்னொருவனாம். முக்கால் மணி நேரம் அப்படி ஒருவன் இருப்பதாகவே யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். அதே நடிகர், மீசை மட்டும் புதுசு. இதை எழுதியவனுக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

'குடைக்காரர்' தொடரை ஐந்து சீசனாக நானும் தங்கையும் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் பார்க்கிறோம். வெயிலோ மழையோ அந்தத் துப்பறிவாளர் குடையை ஊன்றிக்கொண்டு வருவார். யாரையும் மிரட்ட மாட்டார். பேசவிட்டே பொய்யைப் பிடிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே அதுதான். ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார் பிரிவில் காதில் ஹெட்ஃபோனோடு நான் செய்வதும் அதைத்தான். "தானா உடைஞ்சதுங்க" என்று ஆரம்பித்தாலே கதவை உதைத்த ஆள் அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதரை இன்று ஒட்டுமீசையைப் பிடித்து இழுக்க வைத்துவிட்டார்கள்.

கடைசிக் காட்சி இன்னும் மோசம். அவருடைய உதவியாள் டாக்டரம்மா கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளியூர் போகிறாளாம். பஸ் நிலையம், பெட்டி, மழை. குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு மனிதர் நனைந்துகொண்டே நடக்கிறார். மலிவான வேலை.

சோபாவின் அந்தக் கோடியிலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். லிஃப்ட் அழுகிறான்! நாற்பது வயது ஆள், என் குஷன் உறையில் கண்ணைத் துடைக்கிறான்.

லிஃப்ட் என்பது நான் வைத்த பெயர். லிஃப்ட் மெக்கானிக். தங்கை வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுவில் நின்றுபோனபோது அவளை வெளியே எடுத்தவன். எடுத்ததோடு போயிருக்கலாம். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறான். "இவர் யாரு? அப்ப அவர் யாரு?" என்று படம் முழுக்கக் கேள்வி. தங்கையும் சளைக்காமல் பதில் சொல்கிறாள்.

"சூப்பரா இருந்துச்சுல்லக்கா?" என்றான். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச் 8, சனி

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கும் அந்த எபிசோட் பிடித்துவிட்டதாம். "எதிர்பாக்கவே இல்லக்கா." கதையிலேயே இல்லாத ஆளை எப்படியம்மா எதிர்பார்ப்பாய்? அடுத்த வாரம் பக்கத்து சேனலிலிருந்து ஒருத்தன் வந்து கொலை செய்வான், அதையும் எதிர்பார்க்க மாட்டாய். மனதுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டே சொன்னேன். மத்தியானம் அவள் வேறு மேஜையில் போய்ச் சாப்பிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வெளியே போயிருந்தாள். யாரோடு என்று எழுதத் தேவையில்லை. எபிசோடை மறுபடி போட்டேன். ரசிக்க இல்லை, ஓட்டைகளை எண்ணத்தான்.

பாதியில் ஒரு இடம். பிணத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா சொல்கிறாள்: "அடுத்த மாசம் நாங்க மலைப்பக்கம் போறோம் சார்." வெள்ளிக்கிழமை எனக்கு இது காதிலேயே விழவில்லை. ஐந்து சீசனாக அவள் அவரிடம் பேசியதெல்லாம் 'நாம'தான். நாம போய்ப் பாத்துடலாம் சார். நாம எதையோ விட்டுட்டோம் சார். இன்றைக்கு முதல்முறையாக 'நாங்க'. குடைக்காரர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, குழாயை மூடுகிறார். அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம், ஊர் மாற்றம் எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிட்டது. பஸ் நிலையமும் மழையும் வேண்டியதே இல்லை.

ஒரே எபிசோடுக்கு ஒரு மேதையையும் ஒரு கழுதையையும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வசனம் மேதை, கதை கழுதை.

பஸ் நிலையக் காட்சி மலிவு என்று எழுதியதை அடிக்கப் போவதில்லை. ஆனால் அதை இன்று இரண்டு தடவை பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

என் கண்டுபிடிப்பைத் தங்கையிடம் சொன்னேன். "ஆமா, அன்னிக்கே கவனிச்சேன்" என்று தலைவாரிக்கொண்டே சொல்கிறாள். கவனித்தாளாம்! அப்படியானால் ஏன் சொல்லவில்லை? எதையும் சொல்லாமல் இருக்கிற ஆளா அவள்?

மார்ச் 12, புதன்

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாங்க ஒரு வீடு பாத்திருக்கோம்."

"யாரு நாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பாவம் பார்த்தாள். அடுத்த மாதம் ரெஜிஸ்டர் பண்ணிக்கொள்கிறார்களாம். "ரொம்ப தூரம் இல்லக்கா, நாலு ஸ்டாப்தான்."

நாலு ஸ்டாப். நன்றாக இருங்கள்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் காதில் கேட்கிறது. நாங்க வெளிய சாப்டுட்டோம், நீ சாப்பிடு. நாங்க லேட்டா வருவோம், கதவப் பூட்டிக்கோ. நாங்க அந்தக் கலர்ல திரைச்சீலை பாத்தோம். திரைச்சீலை! எந்த ஜன்னலுக்கு என்று கேட்கத் தோன்றியதா எனக்கு? ஊரான் பொய்யைக் குரலிலேயே பிடிக்கிறவளாம் நான். என் சமையலறையில் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். டிவிக்காரி சொன்னால்தான் எனக்குக் கேட்குமோ?

அம்மா போனபிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். எட்டு வயது சின்னவள். அவளுக்கு முதல் செருப்பு வாங்கியதிலிருந்து எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் சாயங்காலம் யாரிடம் பேசுவது?

மார்ச் 14, வெள்ளி

செய்துவிட்டேன்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான். லிஃப்ட் வழக்கம்போல, "இந்த அம்மா யாரு, போன வாரம் செத்தவங்களா?" என்றான். தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு... சரி, சாக்குச் சொல்ல வேண்டாம். நான் சொன்னது இதுதான்:

"உங்களுக்குப் புரியற மாதிரி வேணும்னா லிஃப்ட்டுக்குள்ள ஓடற விளம்பரத்தப் பாருங்க. இது எங்க வெள்ளிக்கிழம. நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து."

'எங்க' என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். அழுத்தியே சொன்னேன்.

 அவன் "சரிங்கக்கா" என்று எழுந்து, மடியில் இருந்த குஷனை இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டுப் போனான். தங்கை செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள், "ஃபோன்ல திட்டறவங்ககிட்ட கூட மரியாதையாப் பேசறே. அவர்கிட்ட ஒரு நாள் பேசியிருப்பியா?" கதவைச் சாத்தக்கூட இல்லை, அவன் பின்னாடியே இறங்கிப் போய்விட்டாள்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. கொலை செய்தது யார் என்று இப்போதுகூடத் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

பேசவில்லை. உப்பு எங்கே என்று கேட்க வேண்டி வருமே என்று உப்பில்லாமலே சாப்பிட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

தங்கை வரவில்லை. தனியாகப் பார்த்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எபிசோட் பிரமாதம். ஒரு ஓட்டை இல்லை. நகைக்கடைக்காரர் மனைவிதான் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து யாருக்கு என்ன? "அவதான், பாத்துக்கோ" என்று காலி சோபாவிடம் சொன்னேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"இவர் யாரு?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. தோன்றியதை எழுதினேன், அவ்வளவுதான். அவன் மேல் எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் மாறவில்லை.

மார்ச் 26, புதன்

தினமும் முன்பின் தெரியாதவர்களிடம், அவர்கள் உதைத்து உடைத்த கதவுக்கு, 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்கிறேன். தண்ணீர் மாதிரி சுலபமாக வருகிறது. வீட்டில் ஒரு தடவை சொல்ல வரவில்லை. இன்றைக்கு அவள் பெட்டி அடுக்கும்போது அறை வாசல் வரை போனேன். "கம்பளி எடுத்துக்கோ" என்றேன். "எடுத்துக்கிட்டேன்" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரெஜிஸ்டர் ஆபீஸ். சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டது தங்கை இல்லை, அவர். நேற்று ஃபோன் பண்ணி, "நீங்க வராம அவ கையெழுத்துப் போட மாட்டாக்கா" என்றார். அவள் அப்படிச் சொன்னாளா, இவராகவே சொன்னாரா என்று குரலில் பிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

போட்டேன். தங்கை என் தோளில் தலையை வைத்து எடுத்தாள்.  அங்கேயாவது நான் சொல்லியிருக்கலாம். க்ளார்க் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார்.

எபிசோட் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாமான் ஏற்றினார்கள். டிவி அவள் சம்பளத்தில் வாங்கியது. "இங்கயே இருக்கட்டும்கா" என்றாள். "எடுத்துட்டுப் போ. ஒட்டுமீசைய எல்லாம் இனிமே நான் பாக்கறதா இல்ல" என்றேன். மூன்று வாரத்தில் நான் அவளிடம் பேசிய பெரிய பேச்சு இதுதான். அவள் சிரிப்பை அடக்கின மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

சுவரில் டிவி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

ரிமோட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சோபா இடுக்கில் கிடந்தது. கிடந்தது என்றே எழுதிக்கொள்கிறேன். இன்றைக்கு சீசனின் கடைசி எபிசோட், ரிமோட் இல்லாமல் எப்படிப் பார்ப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

என்ன சொல்வதென்று நாலு ஸ்டாப்பும் யோசித்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது லிஃப்ட்காரர். யோசித்ததெல்லாம் மறந்துபோய், "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றுதான் வந்தது, ஹெட்ஃபோன் குரலிலேயே.

"எங்க கம்பெனியிலயும் இதத்தான்க்கா சொல்லச் சொல்லுவாங்க" என்றார். "உள்ள வாங்க, ஆரம்பிக்கப் போகுது."

தங்கை ரிமோட்டை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நகர்ந்து இடம் விட்டாள். மூன்றாம் மாடி, சின்ன ஹால், பால்கனிக் கதவு சரியாக மூடவில்லை. திரைச்சீலை நல்ல கலர்தான்.

எபிசோடைப் பற்றி. பியானோ டீச்சர் வழக்கை மறுபடி தோண்டுகிறார்கள். இரட்டை இல்லையாம். மூன்று பேராம்! மூன்றாவது ஆளுக்கு மீசையோடு தாடியும். நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுதியவனை, எடுத்தவனை, பணம் போட்டவனை, ஒருவரையும் விடவில்லை. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவர், "அப்ப முதல்ல செத்தது யாரு?" என்று கேட்கிறார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

கீழ் வீட்டிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தார். "மேல யாரு அது, இந்தக் கத்துக் கத்தறது?"

லிஃப்ட்காரர் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துச் சொன்னார். "நாங்கதாங்க. டிவி பாக்கறோம், கொஞ்சம் சத்தம் ஆயிடுச்சு."

கத்தினது நான் ஒருத்திதான்.