இருபத்தேழாம் பிறை

2 ஜனவரி 2026

நான் தொகுத்த 'சேக் மதார் கதைகள்' அச்சாகி மதுரை சிம்மக்கல் கடைக்கு வந்துவிட்டது. எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு முடிந்தால் புத்தகம் பொதுச்சொத்து. அவர் இறந்தது 1965. புத்தாண்டோடு விடுதலை, யாரையும் கேட்க வேண்டாம்.

இந்த டெலிகிராம் திருட்டுப் பயல்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நான் பதிப்பிக்கிற எல்லாவற்றையும் பிடிஎப் ஆக்கி விட்டுவிடுகிறார்கள். எவன் அப்பன் வீட்டுச் சொத்து?

5 ஜனவரி

திருச்சி, நெல்லைக் கடைகளுக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்சல் போட்டாயிற்று.

8 ஜனவரி

சேக் மதாரின் மகள் ஜெயினம்பு அம்மா வண்டியூரில் இருக்கிறார். மரியாதைக்கு இரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். டீ கொடுத்தார். பேச்சுவாக்கில், "வாப்பா மவுத்தானது நோன்பு இருபத்தேழாம் பிறை தம்பி. எம்புட்டு நல்ல நாளு" என்றார்.

வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. கபர்ஸ்தான் கல்லில் அவர் இறந்த வருஷம் ஹிஜ்ரி 1385 என்று மட்டும்தான் இருந்தது. அதை 1965 ஆக்கியது நான். அந்த வருஷ ரமலான் நோன்பு எப்போது வந்தது?

9 ஜனவரி

பார்த்துவிட்டேன். நோன்பு தொடங்கியது 1965 டிசம்பர் கடைசி. இருபத்தேழாம் பிறை வருவது 1966 ஜனவரியில். அறுபது ஆண்டுக் கணக்கு இறந்ததற்கு அடுத்த புத்தாண்டில்தான் தொடங்கும்; அப்படியென்றால் இந்த வருஷம் முழுக்க உரிமை அந்த அம்மாவுடையது.

அப்ப நான் யாரு?

15 ஜனவரி

பொங்கல். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எனக்குத் தெரியுதே, சனியன்.

19 ஜனவரி

பக்கம் வடிவமைக்கும் சுருளி போனைக் காட்டினான். டெலிகிராமில் சேக் மதார் கதைகள்! கொதித்துப்போய்ப் புகார் கொடுக்க உட்கார்ந்தேன். படிவம் 'நீங்கள்தான் உரிமையாளரா?' என்று கேட்டது. மூடிவிட்டேன்.

21 ஜனவரி

மனசு கேட்காமல் வண்டியூர் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். கடைகளில் இருக்கும் பிரதிகளைத் திருப்பி எடுத்துவிடுகிறேன், டெலிகிராம் மேல் மட்டும் நீங்கள் புகார் கொடுங்கள் என்றேன்.

அவர் தன் போனை எடுத்து நீட்டினார். அதே பிடிஎப். அதில்தான் பாதிக் கதை படித்திருக்கிறாராம், புத்தகத்தில் எழுத்து பொடியாம், இதில் பெரிதாக்கிக்கொள்ளலாமாம்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எல்லாரும் படிக்கட்டும் தம்பி. நீங்களும் வித்துக்கங்க, நாஞ் சொல்றேன்" என்றார். நான் எழுந்தபோது, "ஒண்ணே ஒண்ணு. தொகுப்புன்னு போட்டு உங்க பேரு, வாப்பா பேர விட எதுக்கு இம்புட்டு பெருசா இருக்கு?"

24 ஜனவரி

சுருளி புது அட்டை போட்டுக் காட்டினான். சேக் மதார் பேர் மட்டும். நல்லாத்தான் இருக்கு.