குல்லாப் பெட்டி திரும்பி வருகிறது

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபத்தைத் தவிர.

நேற்று இந்த வெளிநாட்டில் நான் வேலை பார்க்கும் பார்சல் கிடங்குக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்புநர் இடத்தில் நம் வீட்டு முகவரி! நீ ஆன்லைனில் விற்ற கம்பளிக் குல்லாக்கள். சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதிவிட்டு, உள்ளே பில்லையும் வைத்திருக்கிறாய். அப்படி எழுதினால் வரி கிடையாது என்று எந்தப் புண்ணியவான் உனக்குச் சொன்னான்?

“என் சம்சாரம் சார், தெரியாம எழுதிட்டா” என்று கெஞ்சினேன்.

“யாரா இருந்தா என்ன? பொய்யா எழுதினா திருப்பித்தான் அனுப்பணும்” என்றார் மேற்பார்வையாளர். திருப்பி அனுப்பும் ஸ்டிக்கரை என் கையாலேயே ஒட்டவைத்தார்.

இனிமேல் ‘விற்பனை’ என்றே எழுது. எத்தனை குல்லா, என்ன விலை என்று உள்ளதை உள்ளபடி நிரப்பு.

முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பின்னுகிறாயே, இந்தக் குளிரில் எனக்கு ஒன்று அனுப்பத் தோன்றியதா? காது மரத்துப்போகிறது; பயப்படாதே, லேசாகத்தான்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். என் குல்லாவை அனுப்பும்போது மட்டும் தாராளமாக ‘அன்பளிப்பு’ என்று எழுது. எவன் திருப்பி அனுப்புகிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்