கண்ணாடி கழற்றிய வண்டி

03.06.2014, செவ்வாய். கீரி, மன்னார்

இன்று வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டையும் கழற்றிவிட்டார்கள். இடது பக்கத்தது போன கிழமை பனை வடலி ஒன்றில் அடிபட்டு நொறுங்கியது. அதற்குப் பொருத்தமான கண்ணாடி இலங்கையில் எங்கும் இல்லையாம். கந்தோரில் எங்களுக்குப் பொறுப்பான றொஷான் கொழும்பிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றார். உள்ளே பெருவிரல் அளவில் இரண்டு கமரா. கதவுகளுக்கு மேலே ஒவ்வொன்றாகப் பூட்டி, ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரையும் வைத்தார்கள்.

"இனி ஒழுங்கைக்குள்ள வேலியில முட்டாமப் போகலாம், பிரேமினி அக்கா. வெளிநாட்டில இப்ப இதுதான்."

வண்டியே வெளிநாட்டுதானே. குடும்பமாக விடுமுறைக்குப் போகிற வீட்டு வண்டி. அங்கே பழசாகி, தானமாக இங்கே வந்து, ஊர் ஊராய்ப் போய்க் கண் பரிசோதிக்கிற வண்டியாகிவிட்டது. பின்பாதி தாதி மிஸ்ஸின் பரிசோதனை அறை. முன்பாதியில் ஒரு கட்டில், காஸ் அடுப்பு, சின்ன அலுமாரி. பொருட்களுக்குக் காவலாக றைவர் உள்ளேயே படுக்கவேண்டும் என்பது வேலையின் நிபந்தனை. எனக்கும் வேறு இடம் இருக்கவில்லை. இரண்டு வருஷமாகிறது.

05.06.2014, வியாழன்

தலைமன்னார் வீதியில் முதல் ஓட்டம். கண்ணாடி இருந்த இடத்தைப் பத்துத் தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பேன். அங்கே வெறும் கடல்.

பொய் எழுதக்கூடாது, ஒழுங்கையில் கமரா நல்லது. முன்பெல்லாம் பின்சில்லுக்குப் பக்கத்தில் ஆடு படுத்திருந்தால் தெரியாது, இப்போது அதன் காது கூடத் தெரிகிறது. ஆனால் தூரம்? கண்ணாடியில் ஒரு பஸ்ஸைக் கண்டால் அது எவ்வளவு கிட்ட என்று உடம்புக்கே தெரியும். திரையில் எல்லாம் தட்டையாய், சுவரில் ஒட்டின படம் மாதிரி. வெயில் பட்டால் அதுவும் இல்லை.

முன்பு சண்டை நேரத்தில் காயக்காரரை ஏற்றிக்கொண்டு லைற் போடாமலே ஓட்டினவள் நான். இதுவும் பழகும்.

11.06.2014, புதன்

இன்று முழுக்க நான் பேசினது: "ஓம் மிஸ்." "சரி மிஸ்." "டீசல் ஃபுல்."

15.06.2014, ஞாயிறு. உயிலங்குளம்

அண்ணா வீட்டுக்குப் போனேன். சுகந்தன் அண்ணா வயலில் நின்றார், வரவில்லை. அண்ணி தேத்தண்ணி தந்தா. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, "வாறதெண்டா முதலே சொல்லிப்போட்டு வாங்கோ. போன மாதமும் உங்களை விசாரிச்சு ஆக்கள் வந்தவை" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில்தான் சொன்னா. அதனால் எனக்கும் கோபிக்க முடியவில்லை.

வீட்டுக்கு ஒராள் என்று இயக்கம் கேட்டபோது அண்ணாவுக்குப் பதிலாகப் போனது நான். அதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவர் அதுக்காகத்தான் வயலிலயே நிண்டவரோ?

மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

24.06.2014, செவ்வாய். அரிப்பு

சோளகக் காற்று. ஊரெல்லாம் புழுதி, அதோடு உப்பும். இடது கமரா மங்கிவிட்டது. துணியால் துடைத்தேன். மேலே இல்லை, உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. திரையின் இடது பாதி பால் ஊற்றினதுபோல.

றொஷானுக்குச் சொல்லவேண்டும். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவளுக்கு இந்த வேலையைக் குடுத்ததே பெரிசு எண்டு அவை நினைக்கினம். கமரா பூட்டி மூன்று கிழமைக்குள் முறைப்பாடா? திங்கட்கிழமை கந்தோருக்குப் போகும்போது பக்குவமாகச் சொல்லலாம்.

27.06.2014, வெள்ளி

ஒரு மனுசரில ஏத்திப்போட்டன்.

உயிரோட இருக்கிறார். உயிரோட இருக்கிறார்.

28.06.2014, சனி

நேற்று எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

சிலாவத்துறைப் பக்கம், புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் சனங்கள் குடியேறின கிராமம். இரண்டரை மணிக்குப் பரிசோதனை முடிந்தது. தாதி அன்ரோனெற் மிஸ் உள்ளே இருந்து "எல்லாரும் போயிட்டினம், எடுங்கோ" என்றா. நான் திரையைப் பார்த்தேன். வலது பக்கம் ஒருவரும் இல்லை. இடது பக்கம் வெள்ளை. இறங்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம். நான் இறங்கேல்லை. இறங்கேல்லை.

பின்னுக்கு எடுத்தேன். சின்னதாய் ஏறி இறங்கினது. பிறகு அந்தச் சத்தம்.

சரிபுதீன் என்று பெயர். எழுபது வயதிருக்கும். ஜும்மாத் தொழுகை முடிந்து கடைசியாய்ப் பரிசோதனைக்கு வந்து, ஆட்கள் குறையட்டும் என்று பின்சில்லடியில் நிழலுக்கு இருந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. வலது பாதத்தில் சில்லு ஏறிவிட்டது. நானும் மிஸ்ஸும் தூக்கி வண்டிக்குள்ளேயே கிடத்தி, மன்னார் ஆஸ்பத்திரிவரை ஓட்டிக்கொண்டு வந்தோம். வழி முழுக்க அவர் கத்தவில்லை. ஓதிக்கொண்டே வந்தார். ஒரு தடவை மட்டும் கேட்டார்: "கையால தடவிப் பாத்தன், வண்டியில கண்ணாடியக் காணல்ல. பழுதாகிக் கழட்டிப் போட்டு நிக்குது எண்டு நெனச்சன், புள்ள. ஓடுற வண்டியா?"

பொலிஸிலும் முதல் கேள்வி அதுதான். "கண்ணாடி எங்கே?" பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறகு புனர்வாழ்வு முகாமில் தந்த கடிதத்தையும்.

30.06.2014, திங்கள்

றொஷான் ஒரு அறிக்கையைத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். "முதியவர் வாகனத்தின் பின்னால் திடீரெனக் குறுக்கே வந்தமையால்..." கமராக்கள் நல்ல நிலையில் இருந்தன என்றும் இருந்தது.

"அவர் வரேல்லை, சேர். இருந்தவர்."

"அக்கா, நான் உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறன். இப்பிடி எழுதினா இதோட முடிஞ்சிடும். உங்கட பழைய விஷயங்களை ஒருத்தரும் கிண்டமாட்டினம்."

றொஷான் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். கண்ணாடி கழற்ற முடிவெடுத்தது அவர்தானே.

நான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதினேன். இடது கமரா மங்கலாக இருந்தது எனக்கு மூன்று நாளாகத் தெரியும். ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. கண்ணாடியும் இல்லை. இறங்கிப் பார்க்காதது நான்.

அவர் வாசித்துவிட்டு, சாவியைத் தரச் சொன்னார். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீதியில் நின்றபோதுதான் உறைத்தது, போக வீடும் இல்லையென்று. மிஸ் தன் வாடகை அறையில் ஒரு பாய் விரித்துத் தந்திருக்கிறா. "கொஞ்ச நாளைக்கு" என்றா. ஓம், கொஞ்ச நாளைக்கு.

02.07.2014, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதத்தில் மூன்று எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. மனைவி மௌத்தாகிவிட்டாவாம். மகன் சனூன் குடும்பத்தோடு புத்தளத்தில், திரும்பி வர விருப்பமில்லை. இவர் மட்டும் தனியே வந்து, தன் பழைய காணியில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்.

"ஆரு?" என்றார்.

"வண்டி ஓட்டினது நான், ஐயா."

கையால் குவளையைத் தேடி நீட்டி, "தண்ணி கொஞ்சம் ஊத்துங்க, புள்ள" என்றார்.

08.07.2014, செவ்வாய்

தினமும் போகிறேன். நோன்பு பிடிக்கவேண்டும் என்று டொக்டரோடு சண்டை. மருந்து எடுப்பதால் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் மற்றவர்கள் பார்க்கச் சாப்பிட அவருக்கு வெட்கம். நான் கட்டிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு மறைத்துக்கொண்டு இருப்பேன். இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாரைமீன் ஆக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். முழு விளக்கமும் தந்தார், புளி எப்போது விடுவது என்பதுவரை.

வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: இந்த வருஷத்தில் எனக்கு நல்ல நாட்கள் இவைதான். ஒரு மனுசனின்ர காலை முறிச்சுப்போட்டு இப்பிடி எழுதுறன். என்ன பிறவி நான்?

13.07.2014, ஞாயிறு

இன்று அவராகவே தொண்ணூறாம் ஆண்டைச் சொன்னார். இயக்கம் வந்து எல்லா முஸ்லிம்களையும் போகச் சொன்னது. ஒரு பையோடு வள்ளத்தில் ஏறினது. மழை. கைக்குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் வந்து, கற்பிட்டியில் இறங்கியபோது உயிர் இல்லை. அது சனூனுக்கு இளையது.

"துவக்கு வச்சிருந்த பொடியனுக்கு இருவது வயசும் இரிக்காது. அவன்ட மொகம் இன்னும் தெரியும். இப்ப முன்னால நிக்கிற உங்கட மொகம்தான் தெரியல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவருக்கு அதுவும் தெரிந்திராது.

17.07.2014, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நாலு நாளாக நெஞ்சுக்குள் கிடந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். கண் தெரியாதவர், ஆர் சொல்லப்போயினம்? ஆனால் அவர் என்னை "புள்ள" என்று கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் களவெடுத்ததுபோல இருந்தது.

"ஐயா, நானும் இயக்கத்தில இருந்தனான். சண்டையின்ர கடைசி ரெண்டு வருஷம். காயக்காரரின்ர வண்டி ஓட்டினனான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொண்டுபோன தேத்தண்ணி அப்படியே ஆறியது. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை இருந்தேன். அவர் திரும்பவில்லை.

19.07.2014, சனி

மகன் வந்துவிட்டார். புத்தளத்திலிருந்து முதல் பஸ்ஸில். என்னை வாசலிலேயே மறித்தார். "நீங்களா அது? வாப்பாவ நாங்க பாத்துக்கொள்றம். நீங்க வரத் தேவல்ல."

வாப்பா சொல்லி மறித்தாரோ, தானாகவோ. கேட்க எனக்கு என்ன உரிமை?

திரும்பி நடந்தேன். கையில் பாரைமீன் குழம்பு. மிஸ் சாப்பிட்டுவிட்டு, புளி கூட என்றா.

29.07.2014, செவ்வாய்

நோன்புப் பெருநாள். எல்லாக் கடையும் பூட்டு. பாலத்தடிவரை நடந்து திரும்பினேன்.

20.08.2014, புதன்

கந்தோரில் கூப்பிட்டார்கள். சரிபுதீன் ஐயா பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை றொஷான் என் முன்னால் வைத்தார். நாலே வரி. வண்டியில் கண்ணாடி இல்லை. ஓட்டின பிள்ளை உடனே ஓடி வந்து தூக்கியது. பொய் சொல்லவில்லை. தண்டனை கொடுக்கவேண்டாம்.

அந்த வரிகளுக்கு மேல் அவர் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அவரிடம் சொன்ன மற்றதையும் சொல்லவில்லை.

வேலை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். நான் நிபந்தனை சொன்னேன். நானா? ஓம், நான்தான். "கண்ணாடி ரெண்டும் பூட்டினா ஓட்டுறன், சேர். கமராவும் இருக்கட்டும், அது காட்டுற இடத்தைக் கண்ணாடி காட்டாது. பின்னுக்கு எடுக்கேக்க ஒராள் இறங்கி நிக்கவேணும். ஆள் இல்லாட்டி நான் இறங்கிப் பாத்துப்போட்டுத்தான் எடுப்பன். நேரம் போகுது எண்டு ஒருத்தரும் கத்தக்கூடாது."

றொஷான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பஸ்களுக்குப் பூட்டுகிற பெரிய கண்ணாடியை இரும்புத் தகட்டில் ஒட்டிப் பூட்டச் சொல்லியிருக்கிறார். "முதல்லயே நான் இதை யோசிச்சிருக்கவேணும், அக்கா" என்றார். போகும்போது, திரும்பாமல், சொன்னார்.

26.08.2014, செவ்வாய்

மறுபடி என் கட்டில். நன்றாக நித்திரை கொண்டேன். எழும்பினதும் ஒரு சத்தமும் இல்லை. மிஸ்ஸின் குறட்டை இல்லாதது ஒரு மாதிரி இருந்தது.

11.09.2014, வியாழன்

கண் சத்திரசிகிச்சை முடிந்தவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விடும் நாள். பட்டியலில் மூன்றாவது பெயர் சரிபுதீன்.

ஊன்றுகோலோடு மெல்ல வந்தார். ஒரு கண்ணின் கட்டு அவிழ்த்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் மற்றவர்களோடு ஏறாமல் முன்னால் வந்து, எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். அரிப்பு தாண்டியது. பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"தொண்ணூறுல உங்களுக்கு எத்தின வயசு?"

"ஒம்பது, ஐயா."

"ஒம்பது." கணக்குப் பார்ப்பதுபோல இருந்தார். "என்ட மூத்த மகளுக்கும் அப்ப ஒம்பதுதான்." பிறகு, "கோவம் போயிற்று எண்டு சொல்லமாட்டன், புள்ள. அது போகாது. ஆனா அது உங்கள்ல இல்ல."

கியர் மாற்றினேன்.

கொட்டில் இருந்த இடத்தில் இப்போது சுவர் எழும்புகிறது. சனூன் குடும்பத்தோடு வந்துவிட்டார். வாப்பாவை இறக்கினார், என்னோடு பேசவில்லை. ஐயா உள்ளே போனவர், படியில் நின்று சத்தம் போட்டார்: "சனூன், புள்ள வண்டிய பின்னுக்கு எடுக்கப் போறா. போய் நில்லு."

சனூன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் வண்டியின் பின்னால், ஓரமாக நின்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவரும் அதற்குள்ளால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையை அசைத்தார். வா. வா. இன்னும். போதும்.

வீதிக்கு வந்ததும் சனூனின் மனைவி ஓடி வந்து என் பக்கக் கதவைத் தட்டினா. நாளைக்கு ஜும்மாவுக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரட்டாம், வாப்பா சொல்லிவிட்டாராம். ஓம் என்றேன். யோசிக்காமலே ஓம் என்றுவிட்டேன்.

ஒரு வீட்டுக்குச் சாப்பிட என்று போய் எத்தனை வருஷம்? வெறுங்கையோடு போகக்கூடாது. பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேட்கவில்லை. என்ன கொண்டு போறது? பிஸ்கற்? வாழைப்பழம்? காலமை மிஸ்ஸைக் கேக்கவேணும்.