டியூஷனில் ஒரே ஒரு இடம்

சோறு குக்கரில் இருக்கிறது. நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏழு மணிக்குக் கணக்கு டியூஷன் சார் வருவார். வாசலிலேயே நிற்க வைத்துச் சண்டை பிடிக்காதே. முதலில் இதைப் படி.

"ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்த ஆளு பொண்ணுக்கு டியூஷன் தேடுறாராம்" என்று சிரித்தாயே, அதனால்தான் ஒவ்வொரு டியூஷன் வகுப்பிலும் நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். என் மண்டையில் ஏறினால் நம் மகள் மண்டையில் தாராளமாக ஏறும். அவளும் கணக்கில் கோட்டை விட்டால் என்னைப் போல ராத்திரியெல்லாம் அட்டைப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

முதல் இரண்டு இடங்களில் தூங்கிவிட்டேன். இந்த சாரிடம் தூக்கமே வரவில்லை. நான்கு நாள் கடைசி பெஞ்சில் இருந்தேன். நேற்று டெஸ்ட் வைத்தார். இருபத்தைந்துக்கு இருபத்தொன்று.

வகுப்பில் காலியாக இருந்த ஒரே இடத்தை எனக்கே கொடுத்துவிட்டார். "சார், இது என் பொண்ணுக்கு" என்றேன். "அதெல்லாம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பேசிக்கிறேன், தம்பி. நீ போய் உட்காரு" என்றார்.

வீட்டுக்குப் பெரியவள் நீதான். டியூஷனில் சேரும் படிவம் டிவிக்குப் பின்னால் இருக்கிறது, கையெழுத்துப் போடு. மாணவர் பெயர் எழுதும் இடம் காலி. மகள் பெயரை நீயே எழுதிவிடு. நான் இரண்டு முறை பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன்.

பி.கு.: என் வீட்டுப்பாட நோட்டை அவள் மேஜையில் வைத்திருக்கிறேன். அதில் ஏழாவது கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை. அவளைப் போட்டுப் பார்க்கச் சொல்.

விடையை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.