வெட்டாமல் பார்த்த பூரான்

இன்று இணுவில் வீட்டில் பனங்கிழங்குப் பாத்தி கிண்டினோம். முளைத்த ஒரு பனங்கொட்டையைப் பிளந்ததும் உள்ளே இருந்த பூரானின், அந்த வெள்ளை இனிப்புப் பருப்பின், வாசம் வந்தது. எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, எரிச்சல். நீ செத்த பிறகும் உன்மேல் உள்ள பொறாமை எனக்குப் போகவில்லை.

பௌதிகத்தில் உன்னைவிட நான்தான் கெட்டிக்காரி. நாம் இருவரும் படித்த வகுப்புக்கே அது தெரியும். ஆனால் வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் உனக்குக் கிடைத்தது. நீ பிளேன் ஏறினாய். நான் மானிப்பாய்க்குப் பஸ் ஏறி ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கு வேலைக்குப் போனேன். எனக்கு "எலும்புக்காரி" என்று பட்டமும் வைத்தாய்.

போனில் உன் லேசர்க் கதைதான். லேசரை வாயுவுக்குள் பாய்ச்சினால் இலத்திரன்கள் அதன் பின்னால் நெளிந்து ஓடும், அந்த நெளிவில் எக்ஸ் கதிர் பிறக்கும் என்பாய். அது அவ்வளவு சின்னப் புள்ளியிலிருந்து வருவதால், மெல்லிய தசையில் கதிர் கொஞ்சம் வளைவதுகூடப் படத்தில் விழுமாம். "நிழலைப் பாக்காதை, விளிம்பைப் பார்" என்பாய். என் படங்களில் தசை வெறும் புகார், பனிமூட்டம் மாதிரி. கேட்கக் கேட்க வயிறு எரியும்.

ஒருநாள் ஒரு படம் அனுப்பி, என்னவென்று சொல்லச் சொன்னாய். மெல்லிய மடிப்புகள், நடுவில் பஞ்சுபோல ஒரு திரள்.

"ஆரோ ஒரு பொம்பிளையின்ரை மார்பு. உள்ளுக்கை கட்டி இருக்கு. கெதியா டொக்டரிட்டைக் காட்டச் சொல்லு" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பு இப்பவும் காதில் நிற்கிறது.

"எடியே, அது பூரான். அம்மா ஒடியல் பாசலுக்குள்ளை வைச்சு அனுப்பின பனங்கொட்டை. யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு உனக்குப் பூரான் தெரியேல்லையோ?"

ஓட்டை உடைக்காமலே உள்ளே பார்த்துவிட்டாய். அன்று உன்னோடு கதைக்கப் பிடிக்கவில்லை. போனை வைக்கப் போகையில்தான் கேட்டேன், தின்றாயா என்று.

"இல்லை. ஒண்டே ஒண்டுதானே, வெட்ட மனம் வரேல்லை. நீ நினைச்ச நேரம் தின்னுவாய். எனக்கு உன்னிலை சரியான எரிச்சல்" என்றாய்.

நான் அதைப் பகிடி என்று விட்டுவிட்டேன்.

போன கிழமை, ஆஸ்பத்திரியில் ஆளில்லாத நேரம், ஒரு கொட்டையை என் மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஓடு மட்டும் தெளிவாக விழுந்தது. உள்ளே புகார்தான். விளிம்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். இப்போது எந்தப் படத்தைத் தூக்கினாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.

இன்று பிளந்த பூரான் இரண்டு பாதியாக வந்தது. ஒரு பாதியைத் தின்றுவிட்டேன், நல்ல இனிப்பு. மற்றது இன்னும் கையில் இருக்கிறது, உன் பங்கைத் தின்ன என்னால் முடியவில்லை.